பாய்லர் அறையில் விரித்த பாய்

குன்றின் மேல் இருந்த மடத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் குறைவு. கூட்டு வியாபாரத்தில் சண்டை வந்து, கோர்ட்டுக்கு நடந்து களைத்துப் போனவர்கள்தான் அதிகம் வருவார்கள்.

குரு தீர்ப்புச் சொல்ல மாட்டார். சண்டைக்காரர்கள் இருவரையும் முதலில் தனித்தனியாகப் பேச விடுவார். பிறகு சேர்த்து உட்கார வைப்பார். ஒருவர் தனியே சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல், இன்னொருவர் காதில் போடக் கூடாது. மடத்துக்கு இருந்த ஒரே சட்டம் அது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் ஆட்கள் மலை ஏறினார்கள்.

சென்னியப்பன் அவருடைய சீடர். குருவை விட வயதில் மூத்தவர். முன்பு நெல் தரகு செய்தவர். நாச்சிமுத்து என்ற மில் முதலாளி ஒரு நாள் சந்தையில் வைத்து, சென்னியப்பன் ஈர நெல்லைக் காய்ந்த நெல் என்று ஏற்றி விடுகிறான் என்று சொன்னார். சொன்னது பொய். ஆனாலும் அதன் பிறகு எந்த மில்லும் சென்னியப்பன் மூலம் நெல் வாங்கவில்லை. காவி உடுத்திய பிறகும் அவர் அதை மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

அந்த நாச்சிமுத்து ஒரு நாள் மலை ஏறி வந்தார். நாலு படி தள்ளி, அவருடைய தங்கையைக் கட்டிய அப்பாவு வந்தார். இருவரும் கூட்டாக ஓர் அரிசி மில் வைத்திருந்தார்கள். இப்போது பிரிய வேண்டும். மில்லை யார் வைத்துக்கொள்வது, யார் வெளியே போவது என்பதில் சண்டை.

குரு இருவரையும் கேட்டுவிட்டு, "சென்னியப்பன் உங்க நடுவுல உக்காருவார்" என்றார்.

சென்னியப்பன் குருவைத் தனியே அழைத்தார்.

"சாமி, நாச்சிமுத்து மேல எனக்குப் பகை இருக்குது."

"தெரியும்."

"அப்புறம் நான் எப்படி நடுவுல உக்காருவேன்?"

"பகை இருக்குதுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. அதுக்குப் பின்னாலயும் நீங்கதான் வேணும்னா உக்காருங்க."

சென்னியப்பன் போய்ச் சொன்னார்.

நாச்சிமுத்து சிரித்தார். "மூஞ்சிக்கு நேரா பகைன்னு சொல்றவன் தேவலைங்க. என் மாப்ள இத்தனை வருஷமா வாய் நிறைய மச்சான்னுதான் கூப்பிட்டான்."

"எனக்கும் சம்மதமுங்க" என்றார் அப்பாவு. "மச்சானைப் புடிக்காத ஆளுன்னா விவரம் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும்."

சென்னியப்பன் மலை இறங்கி மில்லுக்குப் போனார்.

மில் முறை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நாச்சிமுத்து முறை, மறுநாள் அப்பாவு முறை. அவரவர் முறையில் அவரவர் நெல், அவரவர் ஆள். எந்திரத்தில் பழுது வந்தால், யார் முறையில் வந்ததோ அவர்தான் பார்க்க வேண்டும். பழுது பார்க்கிற நாளெல்லாம் அவர் முறையில் கழியும். அதனால் இரண்டு பேர் முறையிலும் பழுது என்று ஒன்று வந்ததே இல்லை. வந்ததை மறைத்து மறுநாளுக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

நெல் அவிக்கும் பாய்லர் களத்தை ஒட்டி ஒரு செங்கல் அறையில் இருந்தது. பாய்லருக்கு இரண்டு காவல் உண்டு. மேலே ஒரு வால்வு. அதன் கையில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். ஆவி மிஞ்சினால் கை தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விட்டுவிடும். கீழே, உலைக்கு நேர் மேலே, ஈயம் ஊற்றிய திருகு ஒன்று. தண்ணீர் குறைந்து சூடு மிஞ்சினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியே ஆவி இறங்கி நெருப்பை அணைத்துவிடும்.

முதல் நாள் மாலை நாச்சிமுத்து ஆபீஸ் அறைக் கதவைச் சாத்தினார்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்க."

"என்ன அவசரமுங்க?"

"இது அவன் காதுக்குப் போகக் கூடாது."

"போகாது."

"வாக்கு?"

"வாக்கு."

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "மேல வால்வுல இன்னொரு குண்டு தொங்க விட்டிருக்கேன். சாக்குல சுத்தி. என் முறையில ஆவி சும்மா சீறிச் சீறிப் போவுது, உமி வீணாவுது. அதுக்காகத்தான்."

"வெடிச்சிராதுங்களா?"

"கீழ ஈயம் இருக்குதுல்ல. மிஞ்சினா உருகி அணைச்சுப்போடும். நான் என்ன அத்தனை முட்டாளா?"

மறுநாள் காலை அப்பாவு அதே கதவைச் சாத்தினார். அதே வாக்கை வாங்கினார்.

"கீழ ஈயத் திருகு கசிஞ்சுதுங்க. என் முறையில. மாத்தணும்னா பாய்லரை ஆற விடணும், ஆள் கூட்டியாரணும். நான் மாத்தி வெச்சா அனுபவிக்கறது மச்சான். அதைக் கழட்டிட்டு ஒரு இரும்பு போல்ட்டை முடுக்கிட்டேன்."

சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

"இப்ப அங்க ஈயமே இல்லையா?"

"இல்லீங்க. ஆனா பயமில்லை. மேல வால்வு இருக்குதே. மிஞ்சினா அது தூக்கி விட்டுரும். அதைப் போயி எவன் தொடப் போறான்?"



"அப்பாவு, இதை உங்க மச்சான்கிட்ட நான் சொல்லலாமா?"

"என்னங்க நீங்க! கோர்ட்டுல கொண்டு போயி நிறுத்திருவாரு."

"அப்ப இன்னிக்கே கழட்டுங்க."

"கழட்டினா தெரிஞ்சு போயிரும். மில்லு யாருக்குன்னு முடிவாகட்டும். மறுநாளே கழட்டிடறேன்."

சென்னியப்பன் நாச்சிமுத்துவைத் தேடிப் போனார். அன்று நாச்சிமுத்து முறை. பாய்லர் அறை வாசலில் நின்று ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் தனியே இழுத்து, அந்தக் குண்டை எடுத்துவிடச் சொன்னார். நாச்சிமுத்துவும் அதே பதிலைச் சொன்னார். மில் யாருக்கு என்று முடிவாகட்டும்.

கீழே ஈயம் இல்லை என்று சொல்லச் சென்னியப்பன் வாயைத் திறந்தார். அது அப்பாவு கொடுத்த ரகசியம். வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே பாய்லர் முனகிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதன் பக்கத்தில் போய், முதுகைக் காட்டி நின்றார்.

அப்போது சென்னியப்பனுக்கு ஒரு நினைப்பு வந்தது. இன்று நாச்சிமுத்து முறை. உலைக்குப் பக்கத்தில் நிற்பது நாச்சிமுத்து. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் போதும்.

அது ஒரு சின்னச் சந்தோஷம் போல வந்தது. பாய்லரை விட அதற்கு அவர் அதிகம் பயந்தார்.

வெளியே யாரோ சிரித்தார்கள். மார்கழிக் குளிர். களத்தில் நெல் கிண்டும் பெண்கள் பாய்லர் அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க உக்காராதீங்கம்மா. வெயில்ல போய் உக்காருங்க."

"வெயில் எங்கீங்க இருக்குது?" என்றாள் பாவாயி. "எங்கூட்டுக்காரனை விட இந்தச் செவுருதான் சூடா இருக்குது."

மற்ற பெண்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். ஒருத்தியும் எழவில்லை.

சென்னியப்பன் மலையை நோக்கி ஓடினார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, எனக்கு ஒண்ணு தெரிஞ்சு போச்சு. சொல்ல முடியாது."

"எனக்குமா?"

"ரெண்டு பேருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப சொல்லாதீங்க."

"ஆளுக செத்துப் போவாங்க சாமி."

குருவின் கை நின்றது.

"சம்மதம் கேட்டீங்களா?"

"கெஞ்சினேன். குடுக்கல."

"பேச்சு எங்க நடக்குது?"

"ஆபீஸ் அறையில."

"பயம் எங்க இருக்குது?"

இதைச் சொன்னால் வாக்கு மீறியதாகுமா என்று சென்னியப்பன் யோசித்தார். யோசிக்க நேரம் இல்லை என்றும் தோன்றியது.

"பாய்லர் அறையில."

குரு கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். மூலையில் இருந்த கோரைப்பாயை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"நடங்க. பேச்சை அங்க வெச்சுக்கலாம்."

"நீங்க வரக் கூடாது சாமி."

"ஏன்?"

சென்னியப்பன் விழித்தார்.

"அதையும் சொல்லக் கூடாது இல்லையா? நடங்க."

வழியெல்லாம் சென்னியப்பன் மில்லின் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு இறங்கினார். புகை வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் சொன்னார்.

"நாச்சிமுத்து போகட்டும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு சாமி."

"இப்ப?"

"இப்பவும் ஓரமா இருக்குது."

"இருக்கட்டும். வேகமா நடங்க."

மில்லுக்குள் நுழைந்ததும் குரு பெண்களிடம் போனார். "அம்மா, உள்ள நாங்க ரகசியம் பேசணும். எல்லாரும் களத்து அந்தக் கோடிக்குப் போயிருங்க."

"உங்க ரகசியத்தை நாங்க ஒட்டுக் கேட்டு வேற தெரிஞ்சுக்கணுமாக்கும்" என்று முனகியபடி பாவாயி எழுந்தாள். மற்றவர்களும் போனார்கள்.

பாய்லர் அறையில் பேசலாம் என்றதும் நாச்சிமுத்து முகம் சுளித்தார். "அங்கயா? ஒரே கரியுங்க சாமி."

"கரிக்குப் பயந்த மில்லுக்காரரா நீங்க?" என்றார் குரு.

நாச்சிமுத்து அப்பாவுவைப் பார்த்தார். அப்பாவு நாச்சிமுத்துவைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். இருவரும் உள்ளே வந்தார்கள்.

குரு பாயை விரித்தார். உலைக்கு எதிரே நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பாய்லரின் அதிர்வு தரை வழியாக வந்து பாயில் ஏறியது. அழுத்தம் காட்டும் முள் எப்போதோ கெட்டு ஒரே இடத்தில் நின்றிருந்தது. அதையும் யாரும் தன் முறையில் மாற்றவில்லை. தகடுகள் சேரும் இடத்தில் ஒரு நீர்த்துளி வந்தது, உடனே ஆவியாகிப் போனது. மறுபடி வந்தது. பாய்லர் ஆள் கருப்பண்ணன் ஒன்றும் தெரியாமல் உமியை அள்ளி உலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆரம்பிங்க" என்றார் குரு.

"களம் என் காசுல போட்டது" என்றார் நாச்சிமுத்து.

"களத்துல உங்க பேரு எழுதியிருக்குதுங்களா மச்சான்? நான் கூட்டிப் பார்த்தப்பத் தெரியலையே."

"நீ என்னிக்குடா கூட்டினே? உன் கையில வெளக்கமாத்தை நான் பார்த்ததே இல்லையே."

சென்னியப்பன் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் கண் தானாக மேலே போனது. இருட்டில் வால்வின் கை அசையாமல் கிடந்தது. அதன் நுனியில் சாக்குச் சுருட்டு ஒன்று தொங்கியது. அது தூக்க வேண்டிய நேரம் என்று அவருக்குத் தோன்றியது. தூக்கவில்லை. கண் கீழே வந்தது. உலை வாய்க்குள், தீக்கு மேலே பார்த்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே. அவர் தாடியிலிருந்து வியர்வை சொட்டியது.

நாச்சிமுத்து அதைக் கவனித்தார். மேலே பார்க்கிறான் என்றால் அது தன் குண்டு. தெரிந்த விஷயம்தான். கீழே எதற்குப் பார்க்கிறான்?

அப்பாவுவும் கவனித்தார். கீழே பார்த்தால் அது தன் போல்ட். மேலே என்ன இருக்கிறது?

பேச்சு நின்றுபோனது. உமி எரியும் சத்தம் மட்டும் கேட்டது. பாய்லருக்குள் எங்கோ இரும்பு ஒரு தரம் டக்கென்றது.

"ஏனுங்க" என்றார் அப்பாவு மெதுவாக. "எதுக்கு மேலயே பாக்கறீங்க?"



"கீழ என்னய்யா இருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் வாயைத் திறந்தார். குரு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கையும் அசைக்கவில்லை.

நாச்சிமுத்து மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள. கீழ என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

அப்பாவு வெளுத்துப் போனார். "மச்சான், நீங்க மேல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"ஈயம் இருக்குதாடா?"

"இல்லை மச்சான். போல்ட்டு. வால்வு?"

"கட்டி வெச்சிருக்கேன்."

கருப்பண்ணன் கையில் இருந்த உமிக் கூடையைக் கீழே போட்டான். கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தான். நாச்சிமுத்து அவன் தோளைப் பிடித்தார்.

"ஓடாதே. நெருப்பை வெளிய இழு. வால்வைத் தொடாதே, திடீர்னு ஆவி போனா வெடிச்சிரும். நெருப்பை முதல்ல இழு!"

அப்பாவு கோலை எடுத்தார். கருப்பண்ணனும் அவரும் தீக்கங்கை வாரி வாரி வெளியே இழுத்தார்கள். நாச்சிமுத்து அவிக்கிற தொட்டிகளுக்குப் போகும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஆவி தொட்டிகளுக்குப் போகத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டுக் களத்துக் கோடியில் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

சென்னியப்பனால் எழ முடியவில்லை. குரு அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே கூட்டி வந்தார்.

வெகு நேரம் கழித்துப் பாய்லர் முனகலை நிறுத்தியது.

நாச்சிமுத்துவும் அப்பாவுவும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முகமெல்லாம் கரி. அப்பாவு கை தீயில் பொத்துப் போயிருந்தது.

நாச்சிமுத்து திடீரென்று கத்தினார். "பாவி! என் தங்கச்சி தினம் சோத்துக் கூடையோட அந்தக் கதவுலதானடா வந்து நிப்பா!"

"எம் பொண்டாட்டியும் அவதான் மச்சான்" என்றார் அப்பாவு.



கருப்பண்ணன் தயங்கித் தயங்கி வந்தான். "நாளைக்கு யார் முறைங்க? ஆளுகளுக்குச் சொல்லணும்."

"யார் முறையும் இல்லை" என்றார் நாச்சிமுத்து. அப்பாவு தலையை ஆட்டினார்.

கூட்டுப் பிரிவது அன்று முடியவில்லை. பாய்லர் ஆறி, ஈயம் மாற்றி, குண்டை இறக்கிய பிறகுதான் மறுபடி பேச உட்கார்ந்தார்கள். அப்போதும் சத்தம் போட்டார்கள். கடைசியில் அப்பாவு மில்லை எடுத்துக்கொண்டார். நாச்சிமுத்து நெல் வியாபாரத்தையும் லாரிகளையும் எடுத்துக்கொண்டார். இருவரும் சென்னியப்பனுக்குக் கும்பிடு போட்டார்கள். சந்தையில் சொன்ன அந்தச் சொல்லைப் பற்றி நாச்சிமுத்து ஒன்றும் பேசவில்லை. சென்னியப்பன் அதையும் கவனித்து வைத்துக்கொண்டார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. நெருப்பை இழுத்த அன்று, குருவும் அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மலை ஏறினார்கள்.

"உங்களுக்குப் பயமா இல்லையா சாமி?"

"உங்க மூஞ்சியைப் பார்த்ததுல இருந்து கால் நடுங்குது. இன்னும் நிக்கல."



"அவங்க ரெண்டு பேரும் வாயே திறக்கலேன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"நான் என்ன பண்ண? எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே."

சென்னியப்பன் நின்றுவிட்டார்.

"நான் வாயைத் திறந்தேன் சாமி. சொல்லத்தான் திறந்தேனா, மூச்சு முட்டித் திறந்தேனான்னு எனக்கே தெரியல. அதுக்குள்ள அவரு திரும்பிட்டாரு."

குரு பாயை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"வாக்கை மீறிச் சொல்லியிருந்தா?"

"அப்புறம் எந்தச் சண்டைக்கும் உங்களை நடுவுல உக்காரக் கூப்பிட மாட்டாங்க."

"அவங்களும் பேசாம, நானும் மீறாம இருந்திருந்தா?"

குரு திரும்பிப் பார்க்காமல் அடுத்த படியில் கால் வைத்தார்.

"கூப்பிட ஆள் இருந்திருக்காது."